துரைக்குள் கிடந்த நெல்

திருநெல்வேலிச் சீமையில் நெல்லண்ணாச்சியைப் போல நெல்லுக்காகப் பாடுபட்டவர் ஒருத்தரும் கிடையாது. அந்த நெல் இருந்தது வயலில் அல்ல, ஆட்டு ஈரலில்.

ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் நடத்தினேன். அவர் உயிர்நூல் நடத்தினார். உடம்பின் உயிரணுக்களுக்குள்ளே பொடி மணிகள் உண்டு, அணுவுக்குக் கேடு வந்தால் அவையும் கெடும் என்று ஏதோ மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டார். இன்றைய பிள்ளைகள் மைட்டோகாண்ட்ரியா என்று படிக்கிறார்களே, அதுதான். நீளவாக்கில் நெல்மணி போல இருப்பதால் அண்ணாச்சி நெல்லு என்றார். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று தருகிறேன் என்றேன்.

"ஊருக்கே அந்தப் பேர வச்சிருக்கு. இதுக்கு வைக்கக் கூடாதா வே?" என்று என் வாயை அடைத்தார்.

மணிகளைப் பார்க்க, அப்போதுதான் அறுத்த ஆட்டின் ஈரல் சூடாக இருக்கவேண்டும். நேரமானால் மணிகள் உப்பும்; இன்னும் போனால் வெடிக்கும். அதனால் பூண்டுகூடத் தொடாத அந்தச் சைவர், மேலப்பாளையம் கசாப்புக்கடையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவருவார். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு, நெல்லெல்லாம் உப்பி வெடித்துப்போச்சே என்று நடுத்தெருவில் புலம்பினார். கேட்ட பண்ணையார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம் களஞ்சியத்துக்கு ஓடினார்.

மணிகளைப் பெரிதாக்கிக் காட்டும் அவருடைய நுண்பெருக்கி சென்னைச் சர்க்கார் இரவலாகக் கொடுத்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். மணிகளைக் காட்டினால் கருவி தங்கும், இல்லையென்றால் ரயிலேறிவிடும். அண்ணாச்சிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய துரை பத்துக்கு வந்தார். ஈரலில் வெறும் மங்கல்தான் தெரிந்தது. துரை உதட்டைப் பிதுக்கினார். தாங்கள் தாமதித்ததால் அத்தனையும் செத்துப்போயின என்று அண்ணாச்சி இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார். சொன்ன கையோடு துரையின் விரலைப் பிடித்து ஊசியால் குத்திவிட்டார். கூட நின்ற பிரின்சிபால் உட்கார நாற்காலியைத் தேடினார். அண்ணாச்சியோ அந்த ரத்தத்தில் மணிகளுக்கு நிறமேற்றும் பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கருவியில் வைத்து, பார்க்கும்படி கை காட்டினார்.

துரை வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு விரலைச் சப்பிக்கொண்டே, கருவி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"துரைக்குள்ளயும் நம்ம நெல்லுதான் கெடக்கு. வந்து பாரும் வே."

குனிந்து பார்த்தேன். என் கண் நிறைந்திருந்ததால் ஒரு மணியும் தெரியவில்லை.

"தெரியுது அண்ணாச்சி" என்றேன்.