சொத்தைப்பல்லோடு பெண் பார்க்கப் போன கதை

ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் குடிகாரன் என்று பெயர் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. அதற்கு ஒரு கடைவாய்ப்பல்லும், பெற்ற தாயின் ஒத்துழைப்பும் வேண்டும். எனக்கு இரண்டும் அமைந்தன.

தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய அன்று காலையில்தானா பல்வலி உயிரை எடுக்க வேண்டும்? பல் டாக்டர் ஊசி போட்டு, நெஞ்சில் காலை வைக்காத குறையாக இழுத்துப் பிடுங்கினார். "பஞ்சைக் கடிச்சிட்டே இருங்க. பேசாதீங்க, துப்பாதீங்க" என்றார்.

இன்னொரு நாள் போகலாம் என்று அம்மாவிடம் ஜாடை காட்டினேன்.

"சொல்லி அனுப்பிச்சாச்சுடா. சொத்தைப்பல்லுனு மட்டும் அங்க வாயத் தெறக்காத. பரம்பரைக் கோளாறுனு நெனைச்சுக்குவாங்க."

(வாயைத் திறக்க முடிந்தால்தானே!)

பெண்ணின் அப்பா வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். "தம்பிக்கு எங்க வேலைங்க?" என்றார்.

"போத்து ஆபீத்து."

அவர் முகம் சுருங்கியது. மரத்துப்போன உதட்டின் வழியாகக் காபி சட்டையில் இறங்கியது எனக்குத் தெரியவேயில்லை. பெண்ணுக்குத் தெரிந்தது. வாய் நிறைய ரத்தம் வேறு. தோட்டத்துப் பக்கம் ஓடித் துப்பினேன். பின்னாலேயே வந்த பெண்ணின் சித்தப்பா, சிவந்த மண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டார்: "மாப்ள வெத்தல போடுவாரா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாங்க, எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு!"

பெற்றவளா இவள்! "இல்லீங்க, பொய்யி!" என்று உள்ளே ஓடிவந்து ஆவேசமாகக் கத்தினேன். வெளியே வந்தது ஏதோ ஊளை. காலையிலிருந்து பட்டினி வேறு. தலை சுற்றி, எங்களைக் கூட்டிவந்த கல்யாணத் தரகர் மடியில் சாய்ந்தேன்.

மறுநாள் அந்தத் தரகரே பதில் கொண்டுவந்தார். "வெத்தலையக்கூட பொறுத்துக்கலாமாம். பட்டப்பகல்ல குடிச்சிட்டு வந்ததுதான் ரொம்ப ஜாஸ்தியாம்."

கன்னம் கொழுக்கட்டையாக வீங்கி, மோர்க்கஞ்சி குடித்துக் கிடந்தேன். நான் எழுந்து நடமாடுவதற்குள் செய்தி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போன அன்று, மணியார்டர் அனுப்ப வந்த பாத்திரக்கடை பாய் என் வீக்கத்தைப் பார்த்து, "எங்க தம்பி விழுந்தே? இனிமே கம்மி பண்ணிக்கப்பா" என்கிறார்! அம்மாவோ, "போனாப் போவுது, பல்லு விஷயம் வெளிய தெரியல" என்று நிம்மதியாக இருந்தாள்.

அடுத்த வருஷம் செங்கத்திலிருந்து ஒரு வரன். பெண்ணின் அப்பா மாட்டுத் தரகர்; பல்லைப் பார்த்து மாட்டின் வயசையும், சுழியைப் பார்த்து அதன் குணத்தையும் சொல்லிவிடுகிறவர். என் புகழ் அவர் காதுக்கும் போயிருந்தது. உட்கார்ந்ததும், "கோச்சிக்காதீங்க மாப்ள, கொஞ்சம் வாயத் தெறங்க" என்றார். திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். வெற்றிலைக் கறை இல்லை, சாராய வாடை இல்லை.

"ஒண்ணு கொறையுதே?"

நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார்.

இன்றும் நான் வீட்டில் கோபப்பட்டுச் சத்தம் போட்டால், என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: "எங்கப்பா பல்லப் புடிச்சுப் பாத்தாரே ஒழிய, சுழியப் பாக்க மறந்துட்டாரு!"