நாற்பத்தொரு பேரின் ஒழுக்கம் ஒழுகிய கதை

நாற்பத்தொரு பேருடைய ஒழுக்கத்தை நான் ஒருத்தியாகக் கெடுத்திருக்கிறேன். அதுவும் பத்தொன்பது வயதில், மூன்றே நாளில். இப்படி ஆரம்பித்தால் என்னவோ ஏதோ என்று நினைப்பீர்கள். மன்னிக்கவும், அவ்வளவு சுவாரசியமாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உப்பு.

எங்களுக்கு மரக்காணம். அப்பா சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார். நான் திண்டிவனத்தை ஒட்டி இருந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம். (கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்னை மறந்திருந்தால் நல்லது, நானாக எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?) உப்பளத்து வீட்டிலிருந்து வேதியியல் படிக்கப் போனவள் என்பதில் எனக்குத் தாங்க முடியாத கர்வம். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டி, "இதுக்கு அடியில ஒரு உப்பு வெச்சிருக்கோம். உள்ள இருக்கற ஈரத்தையெல்லாம் அது இழுத்துக்கும்" என்றார். அந்த உப்பின் பெயரையும் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் உப்பு என்ற வார்த்தையைக் கேட்டதுமே பேனாவை மூடிவிட்டேன். எனக்கா உப்பைப் பற்றி?

2005ஆம் வருட மழைக்காலத்தில் புயல் வந்தது. கல்லூரியை மறு அறிவிப்பு வரும்வரை மூடிவிட்டார்கள். விடுதிப் பெண்களை பஸ் ஓடும்போதே ஊருக்கு அனுப்பிவிட்டு, தேர்வுகளையும் தள்ளிவைத்தார்கள். புயல் போன பிறகும் மழை விடவில்லை. கீழ்த்தளம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் கிடையாது. முதல்வர் அறையில் தவளை இருந்ததாகச் சொன்னார்கள்.

மாணவர் நலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சகுந்தலா மேடம். வரலாற்றுப் பேராசிரியை. மாடியில் ஒழுகாமல் இருந்த ஒரே வகுப்பறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு பிளாஸ்க் டீ வைத்து, 'மாணவர் உதவி மையம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். தன்னார்வலர்கள் வேண்டும் என்றதும் நான் ஓடினேன். சேவை மனப்பான்மை என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் பதினொரு மணிக்கு பன் கொடுத்தார்கள்.

வேலை என்னவென்றால், தொலைபேசிக்குப் பதில் சொல்வது.

"காலேஜ் எப்பம்மா தொறப்பீங்க?"

"மழை நின்னதும் சொல்லுவாங்க சார்."

"எங்க ஊர்ல நின்னுடுச்சே!"

ஒரு அப்பா, மகள் விடுதியில் விட்டுவந்த எவர்சில்வர் டிபன் கேரியர் பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் கேட்டார். மூன்றாம் வருட மாணவன் ஒருவன், "எக்ஸாம் ஹால் இடிஞ்சுபோச்சாமே, அப்படியா?" என்றான். இடியவில்லை என்றதும் வருத்தத்தோடு போனை வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. அலுவலக சூப்பிரண்டு கோதண்டபாணி சார் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, இரும்பு பீரோவைத் திறந்தார். திறந்தவர் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் கீழே ஓடினோம். சேர்க்கையின்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்கள் அந்த பீரோவில்தான் இருந்தன. மேல் தட்டுகள் தப்பித்துவிட்டன. அடித்தட்டு மட்டும் நாலு நாளாகத் தண்ணீரில் ஊறியிருக்கிறது. அடித்தட்டு வேதியியல் துறையுடையது. மொத்தம் நாற்பத்தொரு உறைகள்.

அதில் ஒன்று மேரியுடையது. மேரி கிளியனூர்ப் பெண், என் பக்கத்து இருக்கை. நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் கனவு. இடம் கிடைக்காததால் ஒப்புக்கு பி.எஸ்சி. சேர்ந்தவள். இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்திருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் முறை இப்போது வந்து, திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு விழுப்புரம் நர்சிங் சேர்க்கை அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். அன்று போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். அந்தக் கடிதத்தை எப்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம்.

சான்றிதழை வாங்க அன்று வந்திருந்த மேரி, ஈர உறையைப் பார்த்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. கூட உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். நான் எழுந்து நின்றேன்.

"மேடம், இதுக்கு உப்பு போடலாம்."

"என்னம்மா இது, கருவாடா?" என்றார் கோதண்டபாணி சார்.

"சார், உப்பு ஈரத்தை இழுத்துக்கும். லேப்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. எங்க கொட்டாய்ல மூட்டை மூட்டையா இருக்குது. ரெண்டு நாள் வெச்சா மொறுமொறுன்னு வந்துடும்."

"அசலும்மா, அசல்!" என்று அவர் தலையில் கை வைத்தார். வெயில் இல்லை, மின்விசிறி சுற்றாது, வேறு வழியும் அவரிடம் இல்லை. சகுந்தலா மேடம் என்னையே உற்றுப் பார்த்தார். வரலாற்றுக்காரர் பாவம், வேதியியலை நம்பினார். "மெரிட் ஸ்டூடன்ட்தானே நீ? ஜாக்கிரதையா எடுத்துட்டுப் போ" என்றார். (மெரிட் இல்லை. இதைத் திருத்த அப்போது நேரம் இல்லை.)

நாற்பத்தொரு உறைகளைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து, குழந்தை போல் மார்போடு அணைத்துக்கொண்டு மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். பிரம்மதேசம் தாண்டி ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பஸ் ஆமை வேகத்தில் போனது. கண்டக்டர், "என்ன பாப்பா, மீனா?" என்றார். "நாப்பத்தோரு பேரோட எதிர்காலம்" என்றேன். அந்த வயதில் அப்படித்தான் பேசுவேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வரப்பு உடைந்ததைப் பார்க்க உப்பளத்துக்குப் போயிருந்தார். உப்புக் கொட்டாயில் பெரிய அன்னக்கூடை ஒன்று கிடந்தது. ஓட்டை இல்லாத அலுமினியக் கூடை. ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு சான்றிதழ், மறுபடி உப்பு என்று நிரப்பி, மேலே சாக்குப் போட்டு மூடினேன். அடுக்கும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? செய்தித்தாளில் என் புகைப்படம் வந்தால் எந்தத் தாவணி போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாக்கை எடுத்தேன். கூடைக்குள் கஞ்சி இருந்தது.

நான் கத்தியதைக் கேட்டு அப்பா ஓடிவந்தார். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே ஜாடி, லேப், ஈரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா, மழைக்காலத்துல உப்பு தண்ணி வுடும்னு நம்ம ஊர்ல கைக்கொழந்தைக்குக் கூட தெரியுமே. ஒங்கம்மா எதுக்கு உப்பு ஜாடிய அடுப்புப் பக்கத்துல வெக்கிறா?"

"அது... கை எட்டறதுக்குன்னு நெனச்சேன்ப்பா."

அப்பா சிறிது நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

உப்பு ஈரத்தை இழுத்தது உண்மைதான். மழைக் காற்றில் இருந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்து, மொத்தத்தையும் சான்றிதழ்களுக்கே கொடுத்துவிட்டது. ஆய்வுக்கூடத்து ஜாடியில் இருந்தது கால்சியம் குளோரைடாம். வேதியியலில் உப்பு என்றால் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. மரக்காணத்தில் உப்பு என்றால் உப்புதான்.

அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மழைத்தண்ணீரில் அலசி, தெருக்கோடி இஸ்திரிக்காரரிடம் கரிப் பெட்டி வாங்கி வந்து, துணிக்கு நடுவே வைத்துத் தேய்த்தோம். மதிப்பெண் பட்டியல்களில் எழுத்து அச்சில் இருந்ததால் பிழைத்தது. மாற்றுச் சான்றிதழ்கள் பேனாவில் எழுதியவை. பெயர் மங்கலாகத் தெரிந்தது. பிறந்த தேதி பாதி தெரிந்தது. 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று அச்சிட்ட வரிக்கு எதிரே 'நன்று' என்று தலைமையாசிரியர்கள் எழுதியிருந்தது மட்டும் அத்தனை பேருக்கும் அழிந்துபோய், வெறும் நீலக்கறை இருந்தது.

"ஒழுக்கம் எல்லாம் ஒழுகிப்போச்சு" என்றார் அப்பா. இந்த முறை அவரால் அடக்க முடியவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

திங்கட்கிழமை மேரியோடு நானும் விழுப்புரம் போனேன். போகாமல் இருந்தால் மனுஷியே இல்லை. அலுவலக வாசலில் மேரியின் அம்மா சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தட்டினார், அது டக்டக் என்றது. "இன்னாம்மா இது, அப்பளமாட்டம் இருக்குது?" என்றார். மேரி என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, "விடுடி, நீ வேணும்னா பண்ண?" என்றாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி. நூறு பக்கம் புரட்டிப் பழகிய கை. விரலை நாக்கில் தொட்டார், முதல் தாளைப் புரட்டினார். மறுபடி நாக்கில் தொட்டார், நிறுத்தினார். முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தேகத்தோடு மறுபடியும் விரலை நாக்கில் வைத்தார்.

"என்னம்மா இது, உப்பு கரிக்குது?"

"தண்ணியில நனைஞ்சுடுச்சு சார்" என்றாள் மேரி.

"தண்ணியா, கடலா?"

மேரி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் மாற்றுச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மார்க்கு சரியா இருக்குது. கண்டக்ட் எங்க? கண்டக்ட் கட்டத்துல ஒண்ணுமே இல்லையே. இத எப்படி எடுத்துக்கறது? ஒங்க காலேஜ்லேர்ந்தாவது ஒரு லெட்டர் வாங்கியாந்திருக்கலாம் இல்ல?"

"காலேஜ் மூடியிருக்கு சார். பிரின்சிபால் ஊருக்குப் போய்ட்டாரு."

மேரி உதவி மையத்து நம்பரைச் சொல்ல, அதிகாரி சகுந்தலா மேடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். லைன் செத்துப் போயிருந்தது. மேரி கையைப் பிசைந்தாள். கதவோரம் அவள் அம்மா கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, யாரும் கேட்காமலேயே நீட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், தப்பு என்னோடது. நான்தான் உப்புல போட்டேன். நான் மாணவர் உதவி மையம் சார்."

முழுக்கதையையும் சொன்னேன். கால்சியம் குளோரைடையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. பிறகு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நீ சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற?"

அது வசவு என்று எனக்கு உறைக்கவில்லை. "ஆமா சார், எங்க வீட்டு உப்புதான்" என்றேன்.

அறையே சிரித்தது. சிரித்து முடித்து, வெள்ளைத்தாள் ஒன்றை என் முன்னால் தள்ளினார். "காலேஜ்னு இப்ப மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். இந்தப் பொண்ணு ஒழுக்கம் எப்படின்னு நீயே எழுதிக் குடு. டூப்ளிகேட் டி.சி. வர்ற வரைக்கும் இத வெச்சுக்கறேன். வந்ததும் இதத் திருப்பித் தந்துடுவேன்."

எழுதினேன். 'செல்வி மேரியின் ஒழுக்கமும் பண்பும் மிக நன்று. என்னோடு ஒன்றரை வருடம் பழகியும் கெட்டுப்போகவில்லை. இப்படிக்கு, சுமதி, தன்னார்வலர், மாணவர் உதவி மையம்.' அவர் இரண்டாவது வரியை இரண்டு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினார். மேரிக்கு இடம் கிடைத்தது. அவள் அம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப தாயி" என்றார். அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையைவிடப் பெரிய அழுகை வந்தது.

நாற்பத்தொரு பேருக்கும் ஒவ்வொரு பள்ளியாகக் கடிதம் எழுதி நகல் வாங்கிய கோதண்டபாணி சார், நான் படித்து முடிக்கும்வரை என்னைக் கண்டால் கையிலிருக்கும் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். அந்தப் பழக்கம் எப்படியோ என் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எதுவும் இன்றுவரை என் கைக்கு வராது. கையெழுத்து வேண்டுமானால் என் கணவர் தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே நீட்டுவார்.

மேரி இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். போன வருடம் குடும்பத்தோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தாள். லேமினேட் செய்து வைத்திருந்தாள். கோணல் மாணலான என் கையெழுத்து. என் மகள் அதை உரக்கப் படித்ததும் வீடே சிரித்தது. இத்தனை வருடமாக இதை வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

மேரி இரண்டடி பின்னால் போனாள்.

"அங்கேர்ந்தே பாரு. தொடாத."