ரேஸ்காரரின் டயர் சுவர்

யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாமல் வருஷக்கணக்காகக் கார் பந்தயம் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். தெருவுக்கே அவர் 'ரேஸ்காரர்'. அரியமங்கலத்தில் பழைய டயர்க் கடை. ஓட்டியது மொபெட். அதை மாடுகள் முந்திக்கொண்டு போகும்.

டிவியில் கார்கள் பறக்கும்போது பேப்பர் படிப்பார். ஏதாவது ஒன்று ஓரத்தில் டயர் அடுக்கிய தடுப்பில் மோதினால்தான் நிமிர்ந்து உட்காருவார்.

"யாருங்க ஜெயிச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அத கவனிக்கலைங்க. வளைவுல டயரு நல்லா தாங்குச்சு. பையன் எந்திரிச்சு நடந்து போறான்."

எங்கள் தெரு முட்டும் இடத்தில் ஆழமான சாக்கடை. மூடி கிடையாது. அதன் முன்னால் பழைய டயர்களை அடுக்கி, போல்ட் முடுக்கி, சிவப்பு வெள்ளை பெயின்ட் அடித்து ஒரு சுவரே எழுப்பிவிட்டார்.

தெருச் சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரர். சும்மா இருப்பாரா? "கொசு வரும்ங்க" என்றார். ரேஸ்காரர் தண்ணீர் தேங்காமல் டயருக்கு டயர் ஓட்டை போட்டார்.

"பாம்பு வரும்ங்க."

"வந்தா ஓட்டை வழியா போயிரும் சார்."

மாநகராட்சிக்கு மனு போயிற்று. திங்கட்கிழமை லாரி வந்து அள்ளுவதாக ஏற்பாடு. ரேஸ்காரருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் வீட்டம்மா வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புதுக் கார் வந்தது. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். "மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார் குருக்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். டிரைவிங் ஸ்கூலில் என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்ததே இல்லை. பக்கத்து சீட்டு மாஸ்டருக்கும் காலடியில் ஒரு பிரேக் இருந்ததால், அந்த வேலையை அவரே பார்த்துக்கொண்டார். இப்போது பக்கத்து சீட்டில் நான்.

பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை.

"பிரேக்கப் போடு" என்றார் என்னிடம்.

"எங்கிட்ட ஏதுங்க பிரேக்கு?"

தெரு முடிந்துவிட்டது. சாக்கடைக்கு முன்னால் டயர் இருந்தது. பொத்தென்று மோதி நின்றோம்.

ரேஸ்காரர் லுங்கியைப் பிடித்தபடி ஓடி வந்து கதவைத் திறந்தார். "கழுத்து வலிக்குதாம்மா? சார், அவசரப்படாதீங்க. மெதுவா எறங்குங்க." என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே, "மனுவ வாபஸ் வாங்கிடுறேங்க" என்றார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அவர் இப்போது மருங்காபுரியில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் முதல் பொட்டை அந்த டயர்களுக்குத்தான் வைக்கிறார். எனக்கு எதிர்வீட்டுக்காரர்தான் கண்ணில் நிற்பார். ஆயுசு முழுக்க மோதலில் டயரையே பார்த்த மனுஷர், நாங்கள் மோதிய அன்றைக்கு மட்டும் டயர் பக்கம் திரும்பவே இல்லை.