மாமனாரின் கேக்

மாமனார் இரண்டாவது துண்டையும் தட்டில் வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும், பிழைதிருத்துபவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"எனக்குக் கோதுமை ஆகாது மாமா. டாக்டர் சொல்லிட்டார்."

எந்த டாக்டரும் சொல்லவில்லை. பாடப்புத்தக அச்சகத்தில் ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துச் சம்பளம் வாங்குகிற மனிதர், சொந்த வாயால் இப்படி ஒரு தப்பைச் செய்தார். அவரும் என்னதான் செய்வார்? மாமியார் போனபின் தனியாகிவிட்ட மாமனார், பொழுது போக கேக் செய்யப் பழகி, ஞாயிறு தவறாமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதே அந்த ஒரு நாள்தான். ஆனால் அந்த கேக்கைத் தின்றால் மாப்பிள்ளைக்கு வயிறு பானையாக உப்பிவிடும். மனைவியும் மகளும் கேட்டுக் கேட்டு மூன்று துண்டு தின்பதை நடிப்பு என்றே நினைத்திருந்தார்.

மாமனார் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். ஒரு திருகாணியைக்கூட சும்மா விடமாட்டார். மறுநாளே நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"மாப்ளே, இது விளையாட்டு இல்ல. கோதுமையில இருக்கிற குளூட்டன் உள்ள போனா, உடம்பு தன் குடலையே எதிரின்னு நெனச்சு அரிச்சிடுமாம். ஒரு துணுக்கு போதுமாம்."

பட்டியல் போட்டு அலமாரியைக் காலி செய்தார். ரொட்டி போயிற்று, நூடுல்ஸ் போயிற்று, சோயா சாஸ்கூடப் போயிற்று. துகள் ஒட்டியிருக்கும் என்று டோஸ்டரும் போயிற்று. பிஸ்கட் டப்பா போனதும் மகள் அழ ஆரம்பித்தாள்.

அந்த வாரம் வயிறு லேசாக இருந்தது. கேக் இல்லாத சுகம் என்று பிழைதிருத்துபவர் நினைத்துக்கொண்டார்.

"எந்த டாக்டர் சொன்னாருங்க? எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் பக்கத்துல... சும்மா ஒரு டாக்டர்."

"சும்மா ஒரு டாக்டரா? கிளம்புங்க, நல்ல டாக்டரையே பாப்போம்."

மாமனாரும் கூடவே வந்தார். நல்ல டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கோதுமைய விட்டுட்டு ரத்தம் எடுத்தா நோய் இருந்தாலும் தெரியாது. ஆறு வாரம் தினமும் சாப்பிடுங்க. அப்புறம் டெஸ்ட்."

மாமனார் முகம் மலர்ந்தது. "தினமுமா? அத நான் பாத்துக்கிறேன் டாக்டர்."

பார்த்துக்கொண்டார். தினம் இரண்டு துண்டு. வயிறு உப்பியது, வாயெல்லாம் புண், உட்கார்ந்தால் தூக்கம். ஏழாம் வகுப்பு அறிவியலில் தவளைக்கு ஆறு கால் வந்ததுகூட அவர் கண்ணில் படவில்லை. 'பொய் சொன்ன வாய்க்கு இது வேணும்' என்று தன்னையே திட்டிக்கொண்டு மென்றார்.

ஆறு வாரம் முடிந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தும் விடுதலை இல்லை. "ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்த வேணாம் மாப்ளே" என்று மாமனார் கத்தியை எடுத்தார். நோய் இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டால் ஆயுளுக்கும் கேக்தான். பிழைதிருத்துபவர் உடைந்துபோனார்.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்கு ஒரு நோயும் இல்ல. உங்க கேக்தான் எனக்கு ஒத்துக்கல. அதச் சொல்ல வாய் வராம பொய் சொல்லிட்டேன்."

மாமனார் கத்தியைக் கீழே வைத்தார். கேக்கை மெதுவாக மூடினார்.

"இனிமே செய்யல மாப்ளே. அடுப்ப யாருக்காவது குடுத்திடறேன்."

மாப்பிள்ளைக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேஜைமேல் இருந்த மாப்பிள்ளையின் கைபேசி ஒலித்தது. பக்கத்தில் இருந்த மாமனார் எடுத்தார்.

"ஆமா டாக்டர், மாமனார்தான் பேசறேன்... ம்... நிச்சயமாவா?... சரி, நாளைக்கே கூட்டிட்டு வரேன்."

கைபேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூடிய கேக்கைத் திறந்து, தனக்கு ஒரு பெரிய துண்டு வெட்டிக்கொண்டார்.

"என் கேக்குல ஒரு குறையும் இல்ல மாப்ளே. கோளாறெல்லாம் உங்க குடல்லதானாம்."