அப்பா கையில் நான் போட்ட கட்டு

கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஆசைப்படாத நாள்களில் நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆசைப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில், பெற்ற தகப்பனின் கையைக் கொழுக்கட்டையாக்கிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் தாதிப் பயிற்சியில் சேர்ந்து முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சிம்பாங் அம்பாட் பக்கத்தில் எங்கள் தோட்டம். அங்கிருந்து வெள்ளைச் சீருடை போட்ட முதல் பெண் நான்தான். தோட்டமே மெச்சியது, அப்பாவைத் தவிர. அவருக்கு எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் வேலை. "ஊரான் மூத்திரம் அள்ளுறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "மக என்னா செய்யுது?" என்று யாராவது விசாரித்தால் "மலாக்காவுல இருக்கு" என்பார். (மலாக்காவில் கடலும்தான் இருக்கிறது.)

எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்போம். "என் மக மிஸ்ஸி" என்று அந்த வாயால் ஒரு தடவை சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று நான் ஏங்கிய ஏக்கத்தை வேறு யாராவது பையன்மேல் வைத்திருந்தால், அந்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா காலில் செம்பனை முள் ஏறியது. எதையோ அரைத்துப் பூசிக்கொண்டு, நாலு நாள் அதே காலோடு வேலைக்கும் போய், கால் தூண் மாதிரி வீங்கிய பிறகு, நான் பயிற்சியில் இருந்த அதே ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தார். நான் பெண்கள் வார்டில் இருந்தேன். அவர் இரண்டு மாடி மேலே, ஆண்கள் வார்டில். அண்ணன் வந்து விஷயத்தைச் சொன்னபோது பதறிப் போனேன் என்றுதான் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால், சீருடையோடு அப்பா முன்னால் நிற்கப் போகிறோம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மருந்து ஏற்றுவதற்காக அவருடைய இடது புறங்கையில் பிரானுலா போட்டிருந்தார்கள். ஊசியால் குத்தி, ஊசியை எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மட்டும் நரம்புக்குள் விட்டுவைப்பார்களே, அதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனபோது, அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்தரின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. வார்டு மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. முதலாம் ஆண்டு மாணவி தானாக அதைத் தொடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

"கையக் காட்டுங்கப்பா, நானே சரி பண்ணிடுறேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

அந்த ஒரு கேள்வி போதாதா? வார்டின் மருந்துத் தள்ளுவண்டியிலிருந்து பஞ்சும் பிளாஸ்தரும் இரண்டு சுருள் பேண்டேஜும் எடுத்து வந்தேன். விரல் முட்டியில் தொடங்கி முழங்கை வரைக்கும், மருந்து ஏற்றும் மூடியை மட்டும் வெளியே விட்டுவிட்டு, சுற்றினேன், சுற்றினேன், சுருள் தீரும் வரைக்கும் சுற்றினேன். முடித்தபோது குத்துச்சண்டைக்குக் கிளம்பியவர் கை மாதிரி இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவரிடமிருந்து கிடைத்த முதல் சான்றிதழ். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

மறுநாள் எங்கள் வகுப்பை ஒரு சுகாதார முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கிராமத்துப் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டின் அழகுதான் கண்முன் நின்றது.

திங்கட்கிழமை காலை மேலே ஓடினால், அப்பாவின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். வார இறுதி விடுமுறை முடிந்து அன்றுதான் வந்திருந்த வார்டு தலைமைத் தாதி, சிஸ்டர் ரொக்கியா, கத்தரிக்கோலால் என் கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு நடுங்கியது. கடைசிச் சுற்றும் பிரிந்தபோது உள்ளே இருந்தது என் அப்பாவின் கையே இல்லை. தோல் பளபளவென்று வீங்கி, குழாய் நுழைந்த இடத்தில் சீழ் கட்டி, அங்கிருந்து சிவப்பாக ஒரு கோடு முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த விஷம் ரத்தத்தில் கலந்திருக்கும். 

சிஸ்டர் குழாயை உருவி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தியபடி மலாயில் கேட்டார். "சியாப்பா பாலுட் இனி?" யார் இதைச் சுற்றியது?

அப்பா யோசிக்கவே இல்லை. "சாயா செண்டிரி." நானேதான்.

"ஒரே கையாலயா?"

"ஆமா" என்று சொன்னதோடு விட்டாரா? பக்கத்திலிருந்த புதுச் சுருளை எடுத்தார். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காய்ச்சல் கண்ணோடு, எப்படிக் கட்டிக்கொண்டார் என்று செய்துகாட்டவே ஆரம்பித்துவிட்டார். சுருள் கைநழுவிக் கீழே விழுந்து, வார்டின் நடுவே வெள்ளைப் பாதை போட்டுக்கொண்டே போய் எதிர்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. வாயில் நுனியைக் கடித்தபடியே அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மிஸ்ஸிகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"நான்தான் சிஸ்டர்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழாய் தோலுக்குள் நுழைகிற இடம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், வேலை முறை மாறும்போதெல்லாம் பார்க்க வேண்டும், வலிக்கிறதா என்று கேட்க வேண்டும், சிவந்தால் உடனே எடுக்க வேண்டும், தேவை முடிந்தால் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "நீ சன்னலுக்குச் சுவர் வைத்துவிட்டாய்" என்றார். அடுத்த ஒரு மாதம் தினமும் என் வேலை முடிந்ததும், அந்த வார்டில் பிரானுலா போட்ட ஒவ்வொரு கையையும் பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் தண்டனை.

எல்லாரும் கலைந்த பிறகு, பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "லு டியா புஞா அனாக் கா? மிஸ்ஸி கா?" நீதான் அவர் மகளா, மிஸ்ஸியா என்று கேட்டார். தலையாட்டினேன். பிறகு அவர் சந்தை மலாயில் சொன்னதன் சாரம் இது: இரண்டு நாளாக எந்த மிஸ்ஸி கட்டைப் பிரிக்க வந்தாலும் உன் அப்பா கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். என் மகள் கட்டியது, என் மகளும் மிஸ்ஸிதான், அவள் வந்துதான் பிரிப்பாள் என்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். இந்த வார்டில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட உன்னைத் தெரியும்.

நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்லப்பா?"

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "வேற யாராச்சும் பிரிச்சா, கட்டு சரியில்லன்னு எதாச்சும் சொல்லிப்புடுவாங்கல்ல."

நான் காத்திருந்த வார்த்தையை அந்த மனிதர் வார்டு முழுக்க இறைத்திருக்கிறார். என் காதில் மட்டும் விழவில்லை.

அன்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், இன்னும் பத்து நாள் படுத்திருந்தார். கை தேறியது. ஆனாலும் அந்த நரம்பு தோலுக்கடியில் கயிறு மாதிரி தடித்தே நின்றுவிட்டது. கோயில் திருவிழாவில் யாரைப் பார்த்தாலும் அந்தப் புறங்கையை நீட்டி, "எங்க மிஸ்ஸி வேலை" என்பாராம். அதையும் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் வந்தால் பேச்சு மழைக்கும் செம்பனை விலைக்கும் மாறிவிடும். கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்துவிட்டுப் போனார்.

இன்றைக்கும் புக்கிட் காத்திலில் இருக்கும் அண்ணன் வீட்டில் நாங்கள் கூடினால், கடையில் வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூட யாரும் தொடுவதில்லை. "கை வைக்காதீங்க, என் மக மிஸ்ஸி, அவ வந்துதான் பிரிக்கணும்" என்பார் அண்ணன். அவருக்கு வயதாக ஆக, அந்தக் குரல் அப்படியே அப்பாவுடையதாகிவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் ரப்பர் வளையத்தைக் கழற்றுவேன். மெதுவாகத்தான் கழற்றுவேன், அண்ணன் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.