சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

நம் ஊர்களில் ஒரு வகை மனிதர் உண்டு. எது கெட்டாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும்; பட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். பசி நன்றாக எடுக்கும்.

திருத்தணி கோதண்டபாணி தொண்ணூறுகள் முழுக்க ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். மலைப்பாதையில் எரியாத விளக்கு, ஆடிக்கிருத்திகைக் கூட்டத்துக்குப் போதாத குழாய், பள்ளிப்பட்டு டவுன் பஸ்ஸின் ஒழுகும் கூரை என்று எதை எழுதினாலும் கடைசி வரி அதுதான். விளக்கு எரிந்ததா என்று கேட்காதீர்கள். வரி அச்சில் வந்ததா? வந்தது.

இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவரை, புது நூற்றாண்டு பிறந்த கையோடு, ரேஷன் கடைக் கண்காணிப்புக் குழுவுக்கே தலைவராகப் போட்டுவிட்டார்கள். "இனிமே எழுதறது இல்லீங்க, நேரா நடவடிக்கைதான்" என்றார், சால்வையோடு. ஊர் நம்பியது. அவரும் நம்பினார், பாவம்.

முதல் புகார் கூலி வேலைக்குப் போகும் தேவகியுடையது. மண்ணெண்ணெய் அளவு குறைகிறதே என்று கேட்டதற்கு, அடுத்த மாதம் ஒரு சொட்டும் கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அவள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்டவ்.

"ஊத்தற லிட்டர் கொவளை அடி நசுங்கிக் கீது சார். நீங்க ஒரு தபா வந்து பாத்தா போதும்."

கோதண்டபாணிக்கு நிஜமாகவே மனசு கலங்கிவிட்டது. கலங்கினால் அவருக்குக் கால் நகராது, கைதான் நகரும். 'அடி நசுங்கிய குவளை. அல்லல்படும் ஏழைப் பெண்' என்று தொடங்கி ஒரே மூச்சில் எழுதினார். கடைசி வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே 'தலைவர், கண்காணிப்புக் குழு' என்று கையெழுத்துப் போட்டு ரேஷன் கடைச் சுவரிலேயே ஒட்டினார். பசை கொடுத்து உதவியவர் கடைக்காரர்.

அடுத்த மாதம் தேவகி காலி கேனோடு வந்து நின்றாள்.

"இல்லன்ட்டாரு சார்."

"ஒட்டியிருந்தேனே, பாத்தியாம்மா?"

"படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் கீது. அதுல சம்பந்தப்பட்டவருன்னு போட்டுக்கீறீங்களே, அவரு வூடு எங்க கீது? நானே போய்ப் பாக்கறேன்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதத்தாம்மா நானும் இத்தினி வருசமா கேட்டுகினு கீறேன்" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'இந்த ஆளை யாராவது தட்டிக் கேட்கக்கூடாதா?' என்று உங்களுக்கு இப்போது தோன்றியிருந்தால் மட்டும், உங்கள் கண்ணாடியையும் ஒரு தரம் துடைத்துக்கொள்ளுங்கள்.