குவிண்டால் அண்ணன் இளைத்த கதை

வயிற்றுப்போக்கு வந்ததற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்குடியில், நான் குடியிருந்த லைன் வீட்டில், எனக்கு அடுத்த கதவில் இருந்தார்.

அறுபதுகளின் கடைசி. அவர் ஒரு விறகுக் கடையில் எடை போடுகிறவர். மணங்கு போய் கிலோ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. நூறு கிலோ கொண்டது ஒரு குவிண்டால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்தச் சிரமம் இல்லை, விறகுக் கடைப் பக்கம் கையைக் காட்டினால் போதும். நிஜத்தில் அவர் அதற்கும் மேலே இருபது கிலோ. உபரிக்குத் தனியாகப் பெயர் வைக்க எங்களுக்குச் சோம்பல்.

தொழிலில் சூரர். எடை கூடட்டும் என்று சில பேர் விறகைக் கண்மாயில் முக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். அண்ணன் ஒரு கட்டையை மோந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

"ஏப்பா, கட்டையக் குளிப்பாட்டிக் கூட்டியாந்திருக்கியே, தலை துவட்ட வேணாமா? சளி புடிச்சுக்கிராது?"

ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். அவரிடம் தண்ணீரை விறகு விலைக்கு விற்றவன் கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு மனசில் ஒரே ஒரு காயம். கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்த பெஞ்சு முறிந்து, அந்த வரிசையில் ஏழு பேர் ரசம் சொட்டச் சொட்டத் தரைக்கு வந்தார்கள். அன்றைக்கே இளைப்பதென்று சபதம் போட்டார். "காலைப் பலகாரத்தையே விட்டுட்டேன் தம்பி" என்பார் என்னிடம். உண்மைதான். மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே முடித்துவிடுவார். மத்தியானத்துக்கு வேறு சாப்பாடு.

ஒரு சித்திரை வெயிலில் இளையாத்தங்குடி விசேஷ வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பால் பணியாரம் வந்தது. முந்தின நாள் செய்தது. புளித்த வாடை வருகிறதென்று அவர் சம்சாரம் வள்ளியக்கா கொட்டப் போனார். "பண்டத்தைக் கொட்டுறது பாவம்" என்று அண்ணன் அந்தப் பாவத்தைத் தடுத்தார், தனி ஆளாக.

விடிந்ததும் ஆரம்பித்தது. ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். நாங்கள் வாளியும் கையுமாக வெளியே ஒற்றைக்காலில் நிற்க, அண்ணன் உள்ளேயே குடியேறிவிட்டார். வெளியே வந்தவர் நேராகக் கடைக்குப் போய்த் தராசுத் தட்டில் உட்கார்ந்தார். ரெண்டு கிலோ குறைவு! பிள்ளையாருக்குத் தேங்காய் போனது அப்போதுதான்.

மறுநாள் இன்னும் ரெண்டு கிலோ. எலுமிச்சம்பழம் பிடித்த புது மாப்பிள்ளை மாதிரி தெருவில் நடந்தார்.

"ஓட்டைக் கொடம் ஒழுகுது, கொடம் லேசாயிருச்சுன்னு கும்மாளம் போடுற ஆளை எங்கிட்டாச்சும் பாத்திருக்கீகளா தம்பி?" என்று வள்ளியக்கா என்னிடம் அழுதார். பொன்னான வார்த்தை. ஆனால் சொன்னது சம்சாரமாச்சே, அண்ணன் எப்படிக் கேட்பார்?

கேட்பதற்குத்தான் தெரு இருந்ததே. எங்கள் தெருவில் டாக்டருக்குப் படிக்காதவர்கள் எல்லாரும் டாக்டர்கள். "பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது, உள்ள போறதுதான வெளிய வருது" என்றார் ஒரு நிபுணர். "அம்புட்டு ஒடம்புக்குப் பத்து நாள் போனாலும் ஒண்ணும் ஆகாது, கொழுப்பு தாங்கும்" என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். என்னையும் நிபுணர் லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் தட்டிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். நாலு பேர் தூக்கி வந்து கட்டிலில் போட்டோம். நாக்கு காய்ந்த வரட்டியாக இருந்தது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. என்னைப் போல ஒல்லியான ஆளென்றால் கண் குழி விழுந்ததைப் பார்த்து முதல் நாளே பதறியிருப்பார்கள். அந்த உப்பிய முகம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வண்டி தேடி ஓடினான். இன்னொருவன் போய்க் கம்பவுண்டர் பாயைக் கூட்டிவந்தான். பாய் நாடி பார்த்தார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீக?"

"நேத்துக் காலையில."

பாய் முகம் மாறிப்போனது. "வள்ளி, கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் கொண்டா. குடிக்காட்டி ஆளு தங்காது."

அண்ணன் வாயை இறுக்க மூடிக்கொண்டார். "வேணாம் பாய். இன்னும் ரெண்டே கிலோ கொறஞ்சிரட்டும். குடிச்சா ஏறிரும்."

வள்ளியக்கா தம்ளரோடு நின்றார். கஞ்சியை அண்ணன் உதட்டோரம் கொண்டுபோனார்.

பாய் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வியாபாரம் பேசுவது போலக் கேட்டார். "ஒரு வண்டி பச்சை வெறகு. மூணு நாள் வெயில்ல கெடந்து எடை கொறஞ்சுபோச்சு. கட்டை கொறஞ்சுச்சா?"

சாகக் கிடந்தாலும் தொழில் தொழில்தானே. "கட்டை எப்புடிக் கொறையும்? ஈரம் காஞ்சிருக்கும்."

"அப்ப உங்க தட்டுல கொறஞ்சது என்னவாம்?"

அண்ணன் தலையைத் தூக்கினார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"கட்டை அப்புடியேதான் இருக்கா பாய்?"

"ஒரு செதிலுகூடப் போகல."

"அடப்பாவி! அந்தக் கருமத்தைக் கொண்டா இங்க!"

கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர், நடுவில் இளநீர். வண்டி வந்து வாசலில் நின்றது. "பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டா பயமில்ல. இல்லாட்டி ஏத்திருங்க" என்று பாய் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒரு தெருவே வேலைவெட்டியை விட்டுவிட்டு, ஒரு மனிதர் எப்போது ஒண்ணுக்குப் போவார் என்று காத்துக் கிடந்தது. தேர்தல் முடிவுக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை. தண்ணி கொடுக்காதே என்ற நிபுணர்தான் தன் வீட்டுத் தென்னையில் ஏறி ஏறி இளநீர் இறக்கினார்.

வெயில் தாழும் நேரத்தில் அண்ணன் சுண்டுவிரலைத் தூக்கினார். வள்ளியக்கா வாய்விட்டு அழுதார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுந்து நிற்க ஆள் வேண்டியிருந்தது. நான் தோளைக் கொடுத்தேன். அப்போது நான் ஐம்பது கிலோகூட இருக்க மாட்டேன். என் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சத்தம் போட்டது.

"ஒடஞ்சு போயிருவே தம்பி" என்று விலகப் பார்த்தார்.

அந்தக் கையை இழுத்து என் தோளில் இன்னும் நன்றாகப் போட்டுக்கொண்டேன். "நல்லாச் சாஞ்சுக்கங்கண்ணே" என்றேன்.